எட்டடி நாலு அங்குலம்

பி.டி. மேடத்தைக் கையில் டேப் இல்லாமல் நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். அந்த நாளைச் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் சொல்லாமல் இதை எழுதி முடிக்க முடியாது. அதற்கு முன்னால் அந்த டேப்பைப் பற்றிக் கொஞ்சம்.

ஐம்பது மீட்டர் டேப். வட்டமான தோல் பெட்டி, பக்கத்தில் சுற்றுவதற்கு ஒரு பித்தளைக் கைப்பிடி, நுனியில் ஒரு வளையம். ஒரு பக்கம் மீட்டர், மறுபக்கம் அடி. தர்மபுரிக்கு வெளியே இருக்கும் எங்கள் கல்லூரியில் அவர் உடற்கல்வி இயக்குநர். நீளம் தாண்டுவதையும் குண்டு எறிவதையும் அளக்கத்தான் அந்த டேப்பை வாங்கிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் எங்கள் வளாகத்தில் அந்த டேப்புக்குத் தப்பியது வேப்பமரத்துக் காக்கைகள் மட்டும்தான். கேன்டீன் பெஞ்சு ஒரு கால் குட்டை என்றால் எத்தனை அங்குலம் குட்டை என்று அவருக்குத் தெரிய வேண்டும். கொடிக்கம்பம் எவ்வளவு உயரம் என்று இரண்டு பேர் பேசிக்கொண்டால் போதும், வெயில் சாயும்வரை காத்திருந்து அதன் நிழலை அளந்து, தன் நிழலையும் அளந்து, கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

டேப் எட்டாத இடங்களைக் காலால் அளப்பார். காட்டன் சேலை, வெள்ளை கேன்வாஸ் ஷூ, தோளில் ஒரு ஜோல்னாப் பை. எட்டு வைத்து நடந்தபடி வாய்க்குள் "ஒந்து, எரடு, மூரு, நால்கு" என்று எண்ணிக்கொண்டே போவார். ஊர் கடத்தூர் என்றாலும் அவர்கள் வீட்டில் பேச்சு கன்னடம். எண்ணுகிறபோது மட்டும் அது தானாக வந்துவிடும். அந்த நேரத்தில் வணக்கம் சொன்னால் கோபம் வரும். திரும்ப முதலிலிருந்து நடப்பார்.

"கண்ணு வாய்தா வாங்கிக்கிட்டே இருக்கும் சார். டேப்புதான் தீர்ப்பு சொல்லும்" என்பார்.

அவருடைய பெயரை நான் எழுதவில்லை. எழுதினால், "என் பேருல என்னாங்க இருக்குது, அளவச் சரியாப் போட்டீங்களா?" என்றுதான் கேட்பார்.

இந்தக் குணத்தால் அவருக்கு நல்ல பெயர் வந்ததா என்றால், இல்லை. மண்டலப் போட்டி ஒன்றில் நீளம் தாண்டுதலில் எங்கள் கல்லூரிப் பெண் ஒருத்தி. கூலி வேலைக்குப் போகிற குடும்பம். கடைசித் தாண்டலில் அவள் முன்னால் இருந்தவளை எட்டிப் பிடித்துவிட்டாள் என்று மைதானமே கைதட்டியது. நடுவர்கள்கூட எழுதிக்கொள்ளத் தயாராகிவிட்டார்கள். மேடம் குனிந்து அளந்து, ஒரு சென்டிமீட்டர் குறைகிறது என்று சொல்லிவிட்டார். சொந்தக் கல்லூரிப் பெண்! பஸ்ஸில் வழி நெடுக அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தாளாம். மேடம் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக் கொடுத்தாராம். அவள் வாங்கவில்லை. ஒரு பருவம் முழுக்க அவரோடு பேசவுமில்லை.

ஒரு சென்டிமீட்டர்தானே மேடம், விட்டுக் கொடுத்திருக்கக் கூடாதா என்று நானே கேட்டேன்.

"எல்லாரும் அதையேதான் சார் கேக்கறாங்க. அந்த ஒரு சென்டிமீட்டர இன்னொரு புள்ள தாண்டியிருக்குதில்லீங்களா. அத எங்கக் கொண்டு போயி வெக்கறது?"

இப்படிப்பட்ட மனுஷியோடு வேலை பார்ப்பது சுலபமில்லை என்று மட்டும் அன்றைக்குத் தோன்றியது.

நான் அப்போது வரலாற்றுத் துறையில் தொகுப்பூதியத்தில் இருந்தேன். ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்த வருடம் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று காத்திருக்க வேண்டும். வீட்டில் ஒரு வயதுப் பெண் குழந்தை. அந்த வருடம் வரலாற்றில் ஒரு நிரந்தரப் பணியிடம் காலியாக இருந்தது. அது யாருக்கு என்பது தாளாளர் கையில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் முதல்வர் கூப்பிட்டு ஒரு வேலை கொடுத்தார். தரமதிப்பீட்டுக் குழு வரப் போகிறது, மெயின் பிளாக்கின் வரலாற்றை இரண்டு பக்கத்தில் எழுத வேண்டும், நீள அகலத்தோடு.

மெயின் பிளாக் எங்கள் கல்லூரியின் முதல் கட்டடம். கருங்கல் சுவர். முன்னால் ஏழு வளைவுகளோடு நீண்ட தாழ்வாரம். சித்திரை வெயிலிலும் உள்ளே நுழைந்தால் பானைத் தண்ணீரைத் தொட்டதுபோலக் குளிர்ந்திருக்கும். வரிசையாக நான்கு அறைகள்: முதல்வர் அறை, அலுவலகம், ஆவண அறை, ஆசிரியர் அறை. மேலே மாடி கிடையாது, சுண்ணாம்புத் தளம்தான். வாசலில் கல்வெட்டு. தாளாளரின் தாத்தா 'தனி ஒருவராய் நின்று தம் பொருளில் எழுப்பியது' என்று அதில் இருக்கும். வெள்ளிவிழா மலரில் அதே வரி. அதற்கு மேல் எனக்கும் வேறு ஆதாரம் கிடையாது. வரைபடம் கேட்டால், கரையான் அரித்த ஒரு சுருளை அலுவலகத்தில் எடுத்துக் காட்டினார்கள். தொட்டதும் உதிர்ந்தது.

ஆகவே டேப் வேண்டும் என்று மேடத்திடம் போனேன். டேப்பை மட்டும் தனியாக அனுப்பும் வழக்கம் இல்லை, தானும் வருவதாகச் சொன்னார்.

டேப்புக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் வளையத்தைப் பிடித்து ஓரத்தில் நிற்க வேண்டும். இன்னொருவர் பெட்டியோடு நடந்து போய்ப் படிக்க வேண்டும். எனக்கு வளையம். சுவரோடு ஒட்டிப் பிடிக்கச் சொன்னார். பேசினால் கை ஆடும், பேசக் கூடாது என்றார். வரலாற்று வாத்தியாரிடம் பேசாதே என்று சொன்ன முதல் ஆள் அவர்தான்.

மாலை நான்கு மணிக்கு மேல், பிள்ளைகள் மைதானத்தில் கைப்பந்து ஆடும் நேரத்தில், நாங்கள் கட்டடத்தைச் சுற்றி வருவோம். முதல் நாளே ஒரு விஷயம் மாட்டியது. ஏழு வளைவும் ஒரே அகலம் இல்லை. ஒன்று இரண்டு அங்குலம் கூட, அடுத்தது ஒன்றரை அங்குலம் குறைவு. 'சீரான ஏழு வளைவுகள்' என்று நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, எந்த வளைவு எவ்வளவு என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

"ஒரே கான்ட்ராக்ட்காரர் கட்டுனா ஒரே முழக்கோலு சார். ஒரே அளவு வரும். இங்க ஏழு கோலு வந்திருக்குது. அந்தக் காலத்துல ஒவ்வொரு ஊருக் கொத்தனாரும் அவனவன் கோலத்தான் நம்புவான். எத்தினி ஊரு ஆளுங்க சார் இங்க வந்து நின்னாங்க?"

எனக்கு அது சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் இரண்டு பக்கத்துக்குள் அடங்காத சுவாரசியம். அகலத்தை மட்டும் சொல்லுங்கள் மேடம் என்றேன்.

அடுத்த நாள் உள்ளே அளந்தோம். ஒவ்வொரு அறையின் நீளம். பிறகு கதவு நிலைகளில் சுவரின் கனம், பூச்சோடு சேர்த்து இரண்டடி. எல்லாவற்றையும் கூட்டினால் வெளி நீளம் வர வேண்டும். வரவில்லை. இடித்தது. மேடம் மறுபடி கூட்டினார். மறுபடி அளந்தோம். மூன்றாவது நாளும் அளந்தோம். அலுவலகத்துக்கும் ஆவண அறைக்கும் நடுவில் மட்டும் கதவு கிடையாது, ஆகவே அங்கே சுவரின் கனம் தெரியாது. கணக்குப்படி அந்த ஓரிடத்தில் சுவர் பன்னிரண்டடிக்கு மேல் போனது. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு அடி சுவர் என்று கழித்தாலும் நடுவில் எட்டடி நாலு அங்குலம் மிச்சம்.

"எட்டடி நாலு அங்குலம் சார்" என்று அவர் சொன்னபோது குரல் தணிந்திருந்தது. "இத்தினி பேரு தினமும் இதத் தாண்டிப் போறோம் வர்றோம். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்ச மாதிரி வெச்சிருக்காங்க பாருங்க."

உண்மையைச் சொன்னால், படித்த படிப்பெல்லாம் மறந்து புதையல் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் அப்படி நினைக்கவே இல்லை. பின்பக்கத்து இரும்பு ஏணியில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தளத்துக்கு ஏறிவிட்டார். நானும் கம்பியை இறுகப் பிடித்தபடி பின்னால் ஏறினேன். அந்த இடத்துக்கு நேர் மேலே தளத்தின் நிறம் ஒரு நீள்சதுரத்துக்கு மட்டும் மாறியிருந்தது. ஏதோ ஒரு காலத்தில் மூடிப் பூசியிருக்கிறார்கள்.

"படிக்கட்டு" என்றார். "இத்தாப்பெரிய கல்லுக் கட்டடத்துக்கு மேல ஏற வழியே இல்லையேன்னு ஒருத்தராவது கேட்டமா? கட்டுனவங்க மறந்துட்டாங்களா என்ன? மறக்கல. இருந்தத மூடிட்டாங்க."

ஏன் மூடினார்கள் என்று கேட்டேன். அதை டேப் சொல்லாதுங்க சார், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். முதல்வரிடம் எழுதிக் கேட்கலாம் என்றார். அவரே எழுதியும் கொடுத்தார், அளவுகளோடு, கையெழுத்திட்டு.

சுவருக்குக் காது உண்டு என்பார்கள். எங்கள் கல்லூரிச் சுவருக்கு வாயும் இருந்தது. ஒரே வாரத்தில் கேன்டீனில் தங்கம் என்றார்கள், பஸ் ஸ்டாண்டில் வெள்ளைக்காரன் துப்பாக்கி என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை யாரோ ஆவண அறை ஜன்னலை நெம்பி உள்ளே போய், கடப்பாறையால் சுவரைக் கொத்திப் பூச்சை உதிர்த்துவிட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. குழு வர ஒன்பது நாள் இருந்தது.

தாளாளர் சத்தம் போட்டுப் பேசாத மனிதர். என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். காபி வந்தது. இப்படி ஒரு புரளி கிளம்பிவிட்டது, அளவு தவறு என்று அந்தம்மா ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும், மாட்டேன் என்கிறார் என்று வருத்தப்பட்டார். பிறகு சொன்னார்:

"இன்னொரு முனையப் புடிச்சது நீங்கதானே சார். கை கொஞ்சம் நழுவியிருக்கலாம் இல்லீங்களா?"

அவ்வளவுதான். மிரட்டலும் இல்லை, வேலை என்ற பேச்சும் இல்லை. எனக்கு ஜூன் மாதம் ஞாபகம் வந்தது. குழந்தை ஞாபகம் வந்தது. 'நான் பிடித்திருந்த முனை நழுவியிருக்கக் கூடும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'கூடும்' என்ற சொல்லை யோசித்துத்தான் போட்டேன். அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். படித்தவன் பொய் சொல்வதற்கென்றே சில சொற்கள் வைத்திருக்கிறான்.

மறுநாள் முதல்வர் அறையில் மேடத்தை வரச் சொன்னார்கள். நானும் நின்றேன். யாரோ சுவரைக் கொத்தியதற்கு வருத்தம் தெரிவித்து எழுதித் தருகிறேன், பேச்சு வெளியே போனது என்னால்தான், ஆனால் அளவு தவறு என்று எழுத மாட்டேன் என்று அவர் சொன்னார். முதல்வர் என் தாளை அவர் பக்கம் தள்ளினார். வாசித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"நழுவுச்சுங்களா சார்?"

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நழுவியிருந்தா டேப்பு தொங்கும். எனக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார்.

அந்த மாதமே அவரைப் பாலக்கோட்டுப் பக்கம் நிர்வாகத்தின் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு மாற்றினார்கள். தினம் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். காரணமாக உத்தரவில் இருந்தது 'தவறான அளவுகளைப் பரப்பியது'. கிளம்பும் நாளில் விளையாட்டு அறைச் சாமான்களை ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைத்தார். டேப் கல்லூரியின் சொத்து. அதையும் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, காலி ஜோல்னாப் பையோடு வாசலைத் தாண்டிப் போனார். நான் வேப்பமரத்தடியில் நின்றேன். அவருக்கு முன்னால் போய் நிற்கும் தைரியம் எனக்கு வரவில்லை. அன்றைக்கு அவர் எட்டுகளை எண்ணவில்லை. உதடு அசையவே இல்லை. அதுதான் நான் சொன்ன அந்த நாள்.

நிரந்தர வேலை எனக்குக் கிடைத்தது. இரண்டு பக்க வரலாறு குழுவுக்குப் பிடித்திருந்தது. சீரான ஏழு வளைவுகள்.

பதினான்கு வருடம் அந்தச் சுவரைத் தாண்டிப் போய் வந்தேன். இப்போது நான் துறைத் தலைவன். தாளாளர் காலமாகி, அவருடைய மகள் பொறுப்பில் இருக்கிறார். போன மாதம் சக்கர நாற்காலியில் வரும் மாணவி ஒருத்திக்காகத் தாழ்வாரத்துக்குச் சாய்தளம் போட ஒரு இளம் இன்ஜினியர் வந்தார். கையில் சிவப்பு வெளிச்சம் அடிக்கும் சின்ன மெஷின். ஒரே மணி நேரத்தில் எல்லாவற்றையும் அளந்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு என்னிடம் வந்தார். "சார், இங்க ஏறக்குறைய எட்டடி கணக்கு இடிக்குது."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்தேன்.

புதிய தாளாளர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை, உடைத்துப் பாருங்கள் என்றார். தாழ்வாரத்துப் பக்கம் கல் வரிசைக்கு நடுவில் செங்கல் வைத்து அடைத்திருந்த ஒரு வாசல் இருந்தது. பூச்சு அதை மறைத்திருந்தது. உள்ளே தங்கமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. கருங்கல் படிக்கட்டு. சுவரில் ஒட்டி மேலே போய்க் கூரையில் முட்டி நின்றது. ஒவ்வொரு படியின் முகத்திலும் உளியால் வெட்டிய ஓர் ஊர்ப் பெயர். கடத்தூர். அதியமான்கோட்டை. பாப்பாரப்பட்டி. என் சொந்த ஊரான இண்டூர். படிக்கு ஓர் ஊர். கடைசிப் படியில், 'ஊரார் கல்லும் கையும் கொடுத்தது' என்று ஒரு வரி.

வாசலில் இருந்த கல்வெட்டு மறைத்ததை இந்தப் படிகள் வைத்திருந்தன. ஏன் அடைத்தார்கள்? பையன்கள் தளத்தில் ஏறி விழுந்ததாலா, பெயர்களை மறைக்கவா, பழைய தாளாளருக்கே இது தெரியுமா? எனக்குத் தெரியாது. 'தெரியாது' என்று எழுத இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

விளையாட்டு அறையில் கேட்டு மேடத்தின் நம்பர் வாங்கினேன். ஓய்வு பெற்றுக் கடத்தூரில் இருந்தார். என்ன பேசுவது என்று மூன்று நாள் ஒத்திகை பார்த்துவிட்டு, போன் எடுத்ததும் எல்லாம் மறந்து, "மேடம், சுவரத் தெறந்துட்டாங்க" என்றேன். படிக்கட்டு, ஊர்ப் பெயர்கள், எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"எத்தினி அடி இருக்குது?"

மெஷின் ஏறக்குறைய எட்டடி என்றது என்று சொன்னேன்.

"ஏறக்குறையவா?" அதே பழைய குரல். "நீங்க அளந்தீங்களா?"

இல்லை என்றேன். அந்தப் பழைய டேப் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. வியாழக்கிழமை பத்து மணி பஸ்ஸுக்கு வருவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. கேன்வாஸ் ஷூ அதேதான். நான் ஒரு தாளைத் தயாராக வைத்திருந்தேன். தாளாளருக்கு எழுதியது, ஒரே வரி: 'நான் பிடித்திருந்த முனை நழுவவில்லை, நழுவியிருக்கக் கூடும் என்று நான் எழுதிக் கொடுத்தது பொய்.' கீழே கையெழுத்து. நீட்டினேன். கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. மன்னிச்சிடுங்க மேடம் என்றேன்.

அவர் தாளை வாங்கவில்லை. டேப்பின் வளையத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"பேப்பரு அப்புறம் சார். மொதல்ல முனையப் புடிங்க."

பிடித்தேன். சுவரோடு ஒட்டி, மூச்சுக்கூட விடாமல். அவர் எதிர்ச் சுவருக்குப் போனார். டேப் விறைத்து நின்றது. குனிந்து படித்தார். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு சுவரைக் கையால் தடவினார், என் பக்கத்துச் சுவரையும் வந்து தடவினார். படிகளைக்கூட விடவில்லை, ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்தார். ஒன்றுகூட ஒன்றைப்போல இல்லை. இண்டூர்ப் படி முக்கால் அங்குலம் கூட இருந்தது. உங்க ஊர்க்காரங்களுக்குக் கை தாராளம் என்றார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் தாளைக் கேட்டார். கடத்தூர்ப் படியில் உட்கார்ந்து, நான் எழுதியதை நிதானமாக வாசித்தார். என் சட்டைப் பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கி, என் கையெழுத்துக்குக் கீழே என்னவோ எழுத ஆரம்பித்தார். எனக்கு பயமாக இருந்தது. என்ன எழுதினாலும் தகும் என்றும் இருந்தது.

எழுதி முடித்துத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

'எட்டடி நாலு அங்குலம் என்று நான் எழுதிக் கொடுத்தது தவறு. எட்டடி ஐந்து அங்குலம்.' கீழே அவருடைய முழுப் பெயர், தேதி.

நான் அவரைப் பார்த்தேன்.

"உள்பக்கம் பூச்சே இல்லீங்க சார், வெறுங்கல்லு. ரெண்டு சுவத்துலயும் பூச்சு இருக்கும்னு அரை அரை அங்குலம் நாந்தான் கூடக் கழிச்சுட்டேன்" என்றார். "உங்க முனை நழுவலீங்க. தப்பு என்னுது."